சல்லடையால் துகளை அளத்தல்: ஓவேலித் தேயிலையை முன்வைத்து

ஒரு துகள் எந்தக் கண் வழியே விழுகிறது, எந்தக் கண்ணில் தங்குகிறது என்று பார்த்து அதன் அளவை முடிவு செய்வதே சல்லடை முறை. 1 மில்லிமீட்டர் கண்ணில் விழுந்து 600 மைக்ரான் கண்ணில் தங்கிய துகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதற்கு மேல் சல்லடை எதையும் சொல்லாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். கண் சிறுத்துக்கொண்டே போகும் பல சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மேல் சல்லடையில் மாதிரியைக் கொட்டிக் குலுக்கி, ஒவ்வொன்றிலும் தங்கியதை எடைபோட்டால், அந்தக் குவியலில் பெரியது எவ்வளவு, நடுத்தரம் எவ்வளவு, பொடி எவ்வளவு என்ற கணக்கு கிடைத்துவிடும். தனித் துகளின் அளவைவிட இந்தக் கணக்குதான் தொழிலுக்கு வேண்டியது.

மணல், சிமென்ட், மாவு, மருந்து, தாது, மண் என்று இந்தச் சோதனை நுழையாத துறை குறைவு. நீலகிரியில் அது அன்றாடம் நடக்கும் இடம் தேயிலைத் தொழிற்சாலை. நீலகிரி மேட்டுநிலத்தின் மேற்குச் சரிவுக்குக் கீழே, கூடலூருக்குத் தெற்கே கிடக்கிறது ஓவேலிப் பள்ளத்தாக்கு. 1845 வாக்கில் ஜேம்ஸ் ஆச்சர்லோனி அங்கே காப்பி பயிரிட்டார். பின்னர் சிங்கோனா வந்தது, தேயிலை வந்தது. இன்று தேயிலையே முதன்மைப் பயிர். அங்கே பறிக்கும் பசுந்தேயிலை கூடலூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் சி.டி.சி. (நசுக்கிக் கிழித்துச் சுருட்டும்) முறையில் தூளாகிறது. அந்தத் தூளில் எவ்வளவு எந்த ரகம் என்பதைக் கடைசியில் பிரித்துக் கொடுப்பது கம்பிச் சல்லடை. கொழுந்து விற்கும் சிறு விவசாயியின் வருமானம் வரை அதன் கண் எட்டுகிறது.

மெஷ் எண்

தொழிற்சாலையில் சல்லடையை எண்ணால்தான் அழைக்கிறார்கள்: 10 மெஷ், 16 மெஷ், 30 மெஷ். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதே அந்த எண். எண் கூடக்கூடக் கண் சிறுக்கும். ஆனால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணின் அளவைச் சொல்ல முடியாது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகவே 30 மெஷ் வலையில் ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்து 0.847 மி.மீ. இதில் கம்பியின் தடிமனைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கண். கம்பி 0.20 மி.மீ. என்றால் கண் 0.647 மி.மீ.; கம்பி 0.30 மி.மீ. என்றால் கண் 0.547 மி.மீ. இரண்டையும் கடைக்காரர் 30 மெஷ் என்றே விற்பார். முதல் வலையில் விழக்கூடிய மிகப் பெரிய உருண்டையின் கன அளவோ, இரண்டாவதில் விழக்கூடியதைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். சீக்கிரம் தேயாமல் இருக்கட்டும் என்று சற்றே தடித்த கம்பியில் பின்னிய வலையை மாட்டினால், சட்டத்தில் எழுதிய எண் அப்படியே இருக்கும். கீழே விழும் தூள் மாறிவிடும்.

குழப்பம் இதோடு நிற்கவில்லை. ஒரே கண்ணுக்கு நாட்டுக்கு ஒரு எண் உண்டு. 600 மைக்ரான் கண்ணுள்ள சல்லடை அமெரிக்கத் தரத்தில் 30, பழைய பிரிட்டிஷ் தரத்தில் 25, டைலர் நிறுவனத்தின் வரிசையில் 28. 2 மி.மீ. கண் அமெரிக்கத் தரத்தில் 10, பிரிட்டிஷ் தரத்தில் 8, டைலர் வரிசையில் 9. 250 மைக்ரானுக்கும் 150 மைக்ரானுக்கும் வந்தால் மூன்றும் ஒத்துப்போகின்றன: 60, 100. இந்த ஒற்றுமையைப் பார்த்துவிட்டு எல்லா எண்ணும் ஒன்றுதான் என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து. அமெரிக்கத் தரத்தின் 30ஆம் எண் சல்லடையில் இன்று கண் 0.60 மி.மீ., கம்பி 0.40 மி.மீ. இரண்டும் சேர்ந்து 1 மி.மீ. ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 25 கண்களே இருக்கின்றன. 30 என்பது அங்கே வெறும் பெயராகிவிட்டது.

இந்தியா ஒரு காலத்தில் வேறு வழியில் எண் கொடுத்தது. பழைய இந்தியத் தர எண் ஏறத்தாழ பத்து மைக்ரானை ஓர் அலகாகக் கொண்டது: 480ஆம் எண் சல்லடைக்கு 4.80 மி.மீ. கண், 60ஆம் எண்ணுக்கு 600 மைக்ரான். எண் கூடினால் கண்ணும் பெருக்கும், அதாவது மெஷ் எண்ணுக்கு நேர்மாறு. பழைய பொறியியல் நூல்களைப் புரட்டுவோர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதைய இந்தியத் தரமான ஐ.எஸ். 460 கண்ணை நேரடியாக மில்லிமீட்டரிலும் மைக்ரானிலும் சொல்கிறது. உலகத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 565, 3310 ஆகியவையும் அப்படியே.

தர வரிசை எப்படி வந்தது

எந்தெந்த அளவில் கண் இருக்க வேண்டும் என்ற கேள்வியை முறையாக எழுப்பியவர் ஆஸ்திரியச் சுரங்கப் பொறியாளர் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர். தாதுவைப் பக்குவப்படுத்துவது பற்றி 1867இல் அவர் வெளியிட்ட நூலில், 1 மி.மீ. கண்ணை அடியாக வைத்து, ஒவ்வொரு சல்லடையும் முந்தையதைப் போல இரண்டின் வர்க்கமூல மடங்கு, அதாவது 1.414 மடங்கு, இருக்க வேண்டும் என்றார். அப்படி அமைந்தால் ஒவ்வொரு படியிலும் கண்ணின் பரப்பு சரியாக இரட்டிக்கும். சமமான இடைவெளியில் 1, 2, 3, 4 மி.மீ. என்று வைக்காமல் மடங்கு முறையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உடைத்தும் அரைத்தும் வரும் பொருளில் 3 மி.மீ.க்கும் 4 மி.மீ.க்கும் உள்ள வேறுபாடு பெரிதல்ல, 0.1 மி.மீ.க்கும் 0.2 மி.மீ.க்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. நுண்பொடிப் பக்கம் நெருக்கமாகவும் கரடுமுரடான பக்கம் அகலமாகவும் படிகள் அமைய மடங்கு முறையே பொருந்தும்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரின் டபிள்யூ.எஸ். டைலர் நிறுவனம் 1910இல் இதே மடங்கில் தன் வரிசையை வெளியிட்டது. அதன் அடிக்கல் 200 மெஷ் சல்லடை, கண் 0.0029 அங்குலம், ஏறத்தாழ 74 மைக்ரான். இன்றைய 75 மைக்ரான் எல்லை அதன் வழி வந்ததுதான். பிரிட்டன் 1931இல் பி.எஸ். 410 என்ற தரத்தை வகுத்தது. தென்னிந்தியத் தோட்டங்களின் இயந்திரங்கள் பல காலம் பிரிட்டனிலிருந்து வந்தன. அங்குலக் கணக்கும் மெஷ் எண்ணும் அவற்றோடு மலையேறின. மற்ற இடங்களில் மெட்ரிக் முறை நிலைத்துவிட்ட பிறகும் தேயிலைச் சலிப்பறையில் மெஷ் எண்ணே புழங்குகிறது.

தேயிலையில் சல்லடையின் வேலை

சி.டி.சி. முறை 1930 வாக்கில் அசாமில் உருவானது. வாட்டிய கொழுந்து, பல்வெட்டிய இரண்டு உருளைகளுக்கு இடையே போகிறது. ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்றும், மற்றது அதைப் போல பத்து மடங்கும் சுழல்வது பழகிய ஏற்பாடு. இந்த வேக வேறுபாட்டில் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு குருணையாகிறது. உருளையில் ஓர் அங்குலத்துக்கு 8 அல்லது 10 பற்கள் இருக்கும். துகளின் அளவு முதலில் தீர்மானமாவது இங்கேதான். கொழுந்து எவ்வளவு வாடியது, உருளைகள் எவ்வளவு நெருக்கம், பல் எவ்வளவு கூர்மை, எத்தனை முறை இலை உருளைக்குள் போனது ஆகியவற்றைப் பொறுத்துக் குருணை பெரிதாகவோ சிறிதாகவோ அமைகிறது. சல்லடை புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. உருளை செய்ததைப் பிரித்துக் காட்டுகிறது. எதிர்பார்த்த ரகம் சலிப்பறையில் குறைகிறது என்றால், சல்லடையை மாற்றும் முன் உருளையின் பல்லைப் பார்ப்பதே சரியான வரிசை. மழுங்கிய பல் இலையை வெட்டாமல் நசுக்கும்; தட்டையான சிம்புகளும் நாரும் கூடும்.

உருளையிலிருந்து வந்த தூள் நொதித்து, உலர்த்தியில் காய்ந்து, சுமார் 3 சதவீத ஈரத்தோடு வெளியே வருகிறது. அடுத்தது சலிப்பறை. முதலில் நாரையும் காம்புத் துணுக்கையும் நீக்க வேண்டும். பி.வி.சி. உருளைகளைக் கம்பளித் துணியில் உரசவிட்டு மின்னேற்றம் உண்டாக்குகிறார்கள். தூளுக்கு மேலே சுழலும் அந்த உருளைகளில் இலேசான நார் ஒட்டிக்கொண்டு மேலெழுகிறது, கனமான குருணை கீழே ஓடுகிறது. சல்லடையால் இதைச் செய்ய முடியாது. ஒரே கண்ணில் விழும் குருணையும் நார்த்துணுக்கும் சல்லடைக்கு ஒன்றுதான். அளவால் பிரியாததை எடையாலோ மின்னேற்றத்தாலோ காற்றாலோ பிரிக்க வேண்டும். முறத்தில் புடைப்பதும் சல்லடையில் சலிப்பதும் இரு வேறு வேலைகளாக நம் வீடுகளில் இருந்துவருவதும் இதனால்தான். கறுப்புத் தேயிலைக்கான ஐ.எஸ்.ஓ. 3720 தரம் கச்சா நார் 16.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அளவில் சரியாக இருக்கும் தூளும் இந்த வரம்பில் தவறலாம்.

நார் நீங்கிய தூள், அதிரும் சலிப்பு இயந்திரத்தின் தட்டுகளில் ஓடுகிறது. மேல்தட்டில் அகன்ற கண், கீழே இறங்க இறங்க நெருக்கமான கண். மேல்தட்டில் தங்கியது மீண்டும் உடைபடப் போகிறது. அடுத்தடுத்த தட்டுகளில் தங்குவது பி.ஓ.பி., பி.பி., பி.ஓ.பி.எஃப். போன்ற இலை ரகங்கள். அவற்றுக்கும் கீழே இறங்குவது ஆர்.டி., எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. போன்ற டஸ்ட் ரகங்கள். குன்னூர் ஏல மையம் 1963 முதல் இயங்குகிறது; அங்கே இலை ரகங்களுக்கும் டஸ்ட் ரகங்களுக்கும் தனித்தனி விற்பனை, தனித்தனி சராசரி விலை.

டஸ்ட் என்றால் தரம் குறைந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. துகளின் விட்டம் பாதியானால், அதே எடைத் தூளின் மேற்பரப்பு இரட்டிப்பாகும். 1.2 மி.மீ. குருணை ஒன்றின் எடைக்கு 0.3 மி.மீ. துகள்கள் 64 வேண்டும். அவற்றின் மொத்த மேற்பரப்போ நான்கு மடங்கு. நீர் தொடும் பரப்பு கூடினால் சாறு விரைவில் இறங்கும், நிறம் கடுக்கும். கொதிக்கும் பாலோடு நொடிகளில் தேநீர் ஊற்றித் தர வேண்டிய தமிழ்நாட்டு டீக்கடைக்கு டஸ்ட்தான் ஏற்றது. நிதானமாக ஊறவைத்துக் குடிப்பவருக்கு இலை ரகம் ஏற்றது. ஒரே செடியின் ஒரே கொழுந்து, கண் வேறுபாட்டால் மட்டும் இரு வேறு சந்தைகளுக்குப் போகிறது. ரகம் கலப்பதுதான் உண்மையான குறை. பெரிய குருணையோடு பொடி சேர்ந்தால், பொடி முந்திக் கடுத்துவிடும், குருணை பிந்தி இறங்கும். கோப்பையில் சுவை நிலையாக இராது.

இங்கே விலைக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், தூள் விற்ற பணத்தில் சிறு விவசாயிக்கும் கொழுந்து வாங்கும் தொழிற்சாலைக்கும் 65:35 என்ற பங்கீடு வகுக்கப்பட்டது. ஏலச் சராசரியை ஒட்டித் தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. எந்த ரகம் எத்தனை சதவீதம் தேறியது, அது ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்ற இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சராசரி. இண்ட்கோசர்வ் கூட்டமைப்பில் உள்ள கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குக் கொழுந்து கொடுக்கும் உறுப்பினர் விவசாயிகளுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம், ஏனென்றால் தொழிற்சாலையே அவர்களுடையது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழருக்காக 1968இல் தொடங்கிய திட்டம் பின்னர் டேன்டீ என்ற அரசு நிறுவனமாகி, கூடலூர், பந்தலூர் பகுதிகளிலும் தோட்டங்களை நடத்துகிறது. அங்கே தொழிலாளர் பறித்த கொழுந்தும் இதே சல்லடைகளுக்கு வந்து சேர்கிறது.

ரகத்தின் எழுத்துக்குப் பின்னால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் கண் அளவு இருக்கிறதா என்றால், நடைமுறையில் இல்லை. ஒரு தொழிற்சாலை பி.பி. என்று மூட்டையில் எழுதுவதும், பக்கத்துத் தொழிற்சாலை பி.பி. என்று எழுதுவதும் வெவ்வேறு கண்ணில் தங்கியவையாக இருக்கலாம். வாங்குபவர் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்து, சுவைத்து முடிவு செய்கிறார். சுவைக்கு அது சரி. அளவையோ வெறும் பார்வையால் மதிப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. துகள் அளவைக் கொண்டு தேயிலை ரகங்களை வகைப்படுத்த 2004இல் ஐ.எஸ்.ஓ. 11286 என்ற தரம் வெளிவந்துவிட்டது.

சோதனை நடக்கும் முறை

உற்பத்திச் சலிப்பு வேறு, சோதனைச் சலிப்பு வேறு. முன்னது டன் கணக்கில் ஓடும்; சிறு தவறு பொறுத்துக்கொள்ளும். பின்னது ஒரு கைப்பிடி மாதிரியை வைத்து முழுக் குவியலையும் மதிப்பிடுவது. பிழையின் பெரும்பகுதி சல்லடையைத் தொடும் முன்பே நேர்ந்துவிடுகிறது. மூட்டை லாரியில் குலுங்கும்போது பொடி இடுக்குகள் வழியே கீழே இறங்கும், பெரிய குருணை மேலே நிற்கும். மேலிருந்து ஒரு பிடி அள்ளினால் உண்மையைவிடப் பெரிய அளவே கிடைக்கும். ஆகவே பல மூட்டைகளில், பல ஆழங்களில் எடுத்ததைக் கலந்து கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்கு கூறிட்டு, எதிரெதிர்க் கூறுகள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் அப்படிச் செய்து சிறு மாதிரிக்கு வருகிறார்கள்.

சோதனைச் சல்லடையின் சட்டம் பொதுவாக 200 மி.மீ. விட்டமுள்ள பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு வளையம். பின்னிய கம்பி வலையில் 125 மி.மீ. முதல் 20 மைக்ரான் வரை கண்ணுக்கு ஐ.எஸ்.ஓ. தரம் உண்டு. மாதிரியை அதிகம் கொட்டினால் மேலே கிடக்கும் துகளுக்குக் கண்ணைத் தொட வாய்ப்பே கிடைக்காது. குறைவாகக் கொட்டினால் தராசின் பிழை பெரிதாகிவிடும். எப்போது நிறுத்துவது? ஐ.எஸ்.ஓ. வழிகாட்டல்படி, ஒரு நிமிடச் சலிப்பில் விழுவது மொத்தத்தில் 0.1 சதவீதத்துக்கும் குறைந்தால் முடிந்தது எனலாம். தேயிலையில் நெடுநேரம் குலுக்குவதும் தவறு. காய்ந்த குருணை ஒன்றோடொன்று உராய்ந்து உடையும். அளக்கும் செயலே அளவை மாற்றிவிடும். முடிவில் எல்லாத் தட்டின் எடையையும் கூட்டித் தொடக்க எடையோடு ஒப்பிட வேண்டும். மணல், சரளைச் சோதனைக்கான அமெரிக்க முறையில் வேறுபாடு 0.3 சதவீதத்தைத் தாண்டினால் அந்த முடிவை ஏற்பதில்லை.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரி: 100 கிராம் தூளில் 1.18 மி.மீ. கண்ணில் 12 கிராமும், 850 மைக்ரானில் 30 கிராமும், 600இல் 33 கிராமும், 425இல் 15 கிராமும், 300இல் 7 கிராமும், அடித்தட்டில் 3 கிராமும் தங்கியதாகக் கொள்வோம். 850 மைக்ரானில் விழுந்தது 58 சதவீதம், 600 மைக்ரானில் விழுந்தது 25 சதவீதம். பாதித் தூள் விழும் கண் இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 780 மைக்ரான். இதை இடைநிலை அளவு என்பார்கள். ஆனால் இந்த ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. இரு தூள்களுக்கு ஒரே இடைநிலை அளவு இருந்தும், ஒன்று சீராகவும் மற்றது பெரியதும் பொடியும் கலந்ததாகவும் இருக்கலாம். முழு வளைகோட்டையும் வரைந்து பார்த்தால்தான் அது தெரியும். உடைபட்ட பொருளின் பகிர்வுக்கு 1933இல் ரோசினும் ராம்லரும் நிலக்கரித் தூளை ஆராய்ந்து தந்த சமன்பாடு இன்றும் பயன்படுகிறது.

ஈரம் தனியே கவனிக்க வேண்டியது. தென்மேற்குப் பருவமழை நேரே மோதும் சரிவு ஓவேலி. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். தேயிலை ஈரத்தை இழுக்கும் பொருள். பொடி குருணையில் ஒட்டும், கண் அடைபடும், நார் பிரிக்கும் உருளையில் மின்னேற்றம் தங்காது. உலர்த்தியிலிருந்து வந்த சூடு ஆறும் முன் சலிக்க வேண்டும் என்பது இதனால்தான். கோடையில் சலித்த அளவையும் மழையில் சலித்த அளவையும் ஈரத்தைக் குறிக்காமல் ஒப்பிடுவதில் பொருளில்லை.

சல்லடை காணாதவை

துகளுக்கு நீளம், அகலம், தடிமன் மூன்றும் உண்டு. குலுங்கும்போது நீண்ட துகள் செங்குத்தாக நின்று விழுந்துவிடும். ஆக, நீளத்தைச் சல்லடை காண்பதில்லை. சதுரக் கண்ணின் மூலைவிட்டம் அதன் பக்கத்தைவிட 1.414 மடங்கு. 600 மைக்ரான் கண்ணில் 800 மைக்ரான் அகலமுள்ள மெல்லிய தகடு மூலைவாக்கில் நழுவிவிடும். சல்லடை அளப்பது பெரும்பாலும் துகளின் நடு அளவான அகலத்தைத்தான். உருண்டையான சி.டி.சி. குருணைக்கு இது பெரிய பிழை தராது. முறுக்கிய இழையாக வரும் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குச் சல்லடை அளவு தோராயமே. லேசர் ஒளிச் சிதறல் கருவியும் படப் பகுப்பாய்வும் வேறு அடிப்படையில் அளக்கின்றன. அவற்றின் எண்ணைச் சல்லடை எண்ணோடு நேராகப் பொருத்தக்கூடாது.

ஓவேலியின் மற்ற விளைபொருள்களில் துளையின் வடிவம் மாறுகிறது. காப்பிக் கொட்டையைத் தரம் பிரிப்பது வட்டத் துளையிட்ட தகட்டால். எண் அங்குலத்தின் 64 பாகக் கணக்கு. 17ஆம் எண் என்றால் 17/64 அங்குலம், ஏறத்தாழ 6.75 மி.மீ. எண் கூடினால் துளை பெருக்கும். மிளகில் தலச்சேரி கார்பிள்ட் எக்ஸ்ட்ரா போல்டு ரகத்துக்கு 4.25 மி.மீ., அதற்கு மேற்பட்ட ஸ்பெஷல் ரகத்துக்கு 4.75 மி.மீ. என்று அக்மார்க் தரம் மில்லிமீட்டரிலேயே பேசுகிறது. தேயிலைக்கு வராத தெளிவு மிளகுக்கு வந்திருக்கிறது.

பக்கத்தில் தேவாலா, பந்தலூரில் 1880ஐ ஒட்டித் தங்கம் தேடிப் பல நிறுவனங்கள் வந்து, ஓரிரு ஆண்டுகளிலேயே சரிந்தன. அக்காலத் தாது உடைப்பு இயந்திரங்களில் இடிபெட்டியின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அதில் விழும் அளவுக்குத் தாது நொறுங்கிய பிறகே வெளியேறும். நொறுங்காத கல்லுக்குள் சிக்கிய தங்கம் பிரியாது. சல்லடை எவ்வளவு நுண்மையாக இருந்தாலும், தாதுவில் இல்லாத தங்கத்தை அது தராது.

சிங்கோனாப் பட்டையைப் பொடித்தே கொயினா எடுத்தார்கள். ஓவேலிக்கு மேலே நடுவட்டத்தில் அரசுத் தொழிற்சாலை இருந்தது. மூலிகைப் பொடிகளின் நயத்தை இந்திய மருந்தியல் நூல் இரண்டு கண்களால் வரையறுக்கிறது: மிதமான கரடுப்பொடி முழுவதும் 710 மைக்ரானில் விழ வேண்டும், 250 மைக்ரானில் 40 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது. மேல் எல்லையை மட்டும் சொல்லாமல் கீழ் எல்லையையும் கட்டுவதால் இது நல்ல வரையறை. சித்த மருத்துவத்தில் சூரணத்தைத் துணியில் சலித்தெடுக்கும் வஸ்திரகாயம், இதே தேவைக்குக் கம்பி வலைக்கு முன்பே கண்ட வழி.

மண்ணில் சல்லடையின் எல்லை தெளிவாகத் தெரியும். இந்திய மண் வகைப்பாட்டில் 4.75 மி.மீ.க்கு மேல் சரளை, அதற்குக் கீழே 75 மைக்ரான் வரை மணல், 75 முதல் 2 மைக்ரான் வரை வண்டல், அதற்கும் கீழே களிமண். நீலகிரியின் ஆழச் சிதைந்த மண்ணில் கணிசமான பகுதி 75 மைக்ரானிலும் விழுந்துவிடும். அதன்பின் நீரில் துகள் படியும் வேகத்தைக் கொண்டே அளக்க வேண்டும். செம்பொறை மண்ணில் இன்னொரு சிக்கல்: இரும்பு ஆக்சைடு களித்துகளை ஒட்டவைத்து மணிகளாக்குகிறது. அடுப்பில் உலர்த்திச் சலித்தால் களிமண் மணலாகத் தோன்றும். நீரில் ஊறவைத்து, சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கலந்து பிரித்த பிறகு சலிப்பதே முறை. சரிவில் சாலை வெட்டுவோரும் வீடு கட்டுவோரும் இந்தச் சோதனையைத் தவிர்த்தால், மழையில் வழுக்கும் களிமண்ணை உறுதியான மணல் என்று எண்ணிவிடுவார்கள். மலைச்சரிவு மண்ணில் இந்தப் பிழைக்கு உயிர்தான் விலை. கட்டட மணலிலும் 600 மைக்ரான் சல்லடை முக்கியமானது: அதில் 35 முதல் 59 சதவீதம் விழுந்தால் இரண்டாம் மண்டல மணல், 60 முதல் 79 என்றால் மூன்றாம் மண்டலம்.

சல்லடையைச் சோதித்தல்

அளவுகோல் தேயும், சல்லடையும் தேயும். கம்பி மெலிந்தால் கண் அகலும். அழுத்தித் தேய்த்துச் சுத்தம் செய்தால் கம்பி விலகி, சில கண்கள் பெருத்துவிடும். ஒரு சில பெருங்கண் போதும், ரகம் கெட. அடைபட்ட கண்ணை ஊசியால் குத்தக்கூடாது. அகன்ற கண்ணுக்கு மென் தூரிகை, நுண்கண்ணுக்கு நீரில் மீயொலி அதிர்வு. கண்ணை நுண்நோக்கியால் அளந்தோ, அளவு தெரிந்த கண்ணாடி மணிகளைச் சலித்தோ ஆண்டுக்கொரு முறையேனும் சரிபார்க்க வேண்டும். தொழிற்சாலையில் இதற்கு எளிய வழி உண்டு: சான்றிதழ் பெற்ற ஒரு சல்லடை அடுக்கைத் தொடாமல் தனியே வைத்து, அதிலும் ஓட்டத்தில் உள்ள சல்லடையிலும் ஒரே மாதிரியின் இரு கூறுகளைச் சலித்து ஒப்பிடுவது. வேறுபாடு கூடிக்கொண்டே போனால் வலையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தேயிலைத் தொழில் செய்ய வேண்டிய மாற்றம் பெரியதல்ல. சலிப்பறைத் தட்டின் சட்டத்தில் மெஷ் எண்ணுக்குப் பக்கத்தில் கண்ணின் அளவை மில்லிமீட்டரில் பொறிக்க வேண்டும். ஏலத்துக்குப் போகும் மூட்டையில் ரகத்தின் எழுத்தோடு, எந்தக் கண்ணில் விழுந்து எந்தக் கண்ணில் தங்கியது என்ற இரண்டு எண்களை அச்சிட வேண்டும். கொழுந்து கொடுக்கும் விவசாயிகளுக்கே சொந்தமான கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இதை முதலில் தொடங்கலாம். தேவைப்படுவது ஒரு சோதனைச் சல்லடை அடுக்கும் ஒரு தராசும்தான்.